சுவடி காக்கும் பணிக்கு நம் பெண் பிள்ளைகள்



உங்கள் மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். வரலாறும் தமிழும் அவளுக்கு விருப்பமான பாடங்கள். பழைய புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால் சாப்பாட்டையும் மறந்துவிடுவாள். "ஆசிரியை வேலைக்குப் போகட்டும்" என்கிறார் வாப்பா. "நல்ல இடம் வந்தால் முடித்துவிடலாம், அதுவரை வீட்டோடு இருக்கட்டும்" என்கிறார் உம்மும்மா. இந்த இரண்டைத் தவிர வேறு வழி இல்லையா?

உண்டு. சுவடிக் காப்பாளர் என்று ஒரு தொழில் இருக்கிறது. பழைய ஏடுகள், கடிதங்கள், பதிவேடுகள், காணி உறுதிகள், பத்திரிகைகள் ஆகியவற்றைச் சேர்த்து, வகைப்படுத்தி, பழுதுபார்த்து, கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் பணி அது. நம் வீடுகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தத் தொழிலில் ஒரு சிரமமும் உண்டு. பெரும்பாலும் சொந்த ஊரை விட்டுப் போக வேண்டும். ஏனென்றால் சுவடி நம்மைத் தேடி வராது. அது இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

காரைநகரிலிருந்து போனவர்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, பொன்னாலைப் பாலத்தைக் கடந்தால் வருவது காரைநகர். அந்த ஊரில் பிறந்தவர் எப். எக்ஸ். சி. நடராசா. ஆசிரியப் பணிக்காகக் கிழக்கே மட்டக்களப்புக்குப் போனார். போன இடத்தைத் தம் ஊராகவே ஆக்கிக்கொண்டார். அங்கே வீடுகளில் கிடந்த ஏடுகளைத் தேடினார். மட்டக்களப்பின் பழைய வரலாற்றைச் சொல்லும் 'மட்டக்களப்பு மான்மியம்' என்ற நூலை 1962இல் பதிப்பித்து வெளியிட்டார். இலங்கையில் தமிழ் நூல்கள் வளர்ந்த வரலாற்றையும் தனியொரு நூலாக எழுதினார்.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். கிழக்கிலங்கை மக்களின் பழங்கதையை அச்சில் ஏற்றியவர் வடக்கே ஒரு தீவிலிருந்து வந்தவர். சொந்த ஊர்க்காரருக்குப் பழைய ஏடு என்பது பரணில் கிடக்கும் பழம்பொருள். வெளியிலிருந்து வந்தவருக்கு அதன் அருமை தெரிந்திருந்தது.

காரைநகருக்கு எதிரே, கடலுக்கு அப்பால் ஊர்காவற்றுறை. அங்கே கரம்பனில் 1913இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். அவர் ஐரோப்பிய நூலகங்களில் ஏறி இறங்கி, மறந்துபோன பழைய தமிழ் அச்சு நூல்களை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். 1679இல் அச்சான தமிழ் - போர்த்துக்கேய அகராதி ரோமாபுரியில் வத்திக்கான் நூலகத்தில் இருப்பதைக் கண்டு சொன்னவர் அவரே. இருவரும் வீட்டிலேயே இருந்திருந்தால் இந்தப் பணிகள் நடந்திருக்குமா?

ஒரு பெயரில் எத்தனை ஊர்!

இந்தத் தொழிலுக்கு ஊர் அறிவு எவ்வளவு தேவை என்பதற்கும் காரைநகரே நல்ல உதாரணம். முன்பு அதன் பெயர் காரைதீவு. கிழக்கில் விபுலானந்த அடிகள் பிறந்த ஊரும் காரைதீவு. புத்தளம் பகுதியிலும் ஒரு காரைதீவு உண்டு. ஒல்லாந்தர் ஆண்ட காலத்திலோ நம் காரைதீவுக்கு 'ஆம்ஸ்டர்டாம்' என்று பெயர் வைத்தார்கள். ஊர்காவற்றுறை இருக்கும் தீவு 'லெய்டன்' ஆயிற்று. நெடுந்தீவுக்கு அவர்கள் வைத்த 'டெல்ஃப்ட்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

இப்போது ஒரு பழைய கடிதம் கிடைக்கிறது. அதில் 'ஆம்ஸ்டர்டாம்' என்றிருக்கிறது. அது ஹாலந்து நாட்டுத் தலைநகரா, நம் காரைநகரா? தெரியாதவர் கையில் அகப்பட்டால் அந்தக் கடிதம் தவறான கட்டில் போய்ச் சேரும். அதன்பின் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். ஊரும் மொழியும் தெரிந்த ஒருவர் கையில் அது உரிய இடத்தைச் சேரும்.

நமக்கு ஏன் இது வேண்டும்?

1990 ஒக்டோபர் 30ஆம் திகதியை வடபுலத்து முஸ்லிம்கள் மறக்க மாட்டார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டு வெளியேற வேண்டுமென்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். அந்த மாதம் வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். கையில் கொண்டுபோக விட்டது மாற்றுடுப்பும் சொற்பப் பணமும்தான். பிள்ளையைத் தூக்குவதா, கிழவியின் கையைப் பிடிப்பதா என்று தவித்த தாய்மார்களுக்குக் காணி உறுதியைத் தேட நேரம் ஏது? பலர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் குடிசைகளில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள்.

2009இல் போர் ஓய்ந்த பின் திரும்பிப் போனவர்களிடம் கேட்கப்பட்ட முதற்கேள்வி, "உறுதி எங்கே?" என்பதுதான். சீதனமாகத் தன் பெயரில் எழுதப்பட்ட வீட்டைத் தன் வீடு என்று நிரூபிக்க முடியாமல் ஒரு பெண் நிற்பதை எண்ணிப் பாருங்கள்!

ஆனால் ஒரு வழி இருந்தது. நம் நாட்டில் நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது மூலம் உரியவரிடம் போகிறது. ஒரு பிரதி நொத்தாரிசிடம் தங்குகிறது. இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகிறது. வீட்டிலிருந்தது அழிந்தாலும் பதிவகத்தில் இருப்பது தப்பியிருந்தால் அதன் நகலைப் பெறலாம். நிக்காஹ் பதிவும் அப்படித்தான்; 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி அது பதிவேட்டில் ஏறுகிறது. எங்கோ ஓர் அறையில், முகம் தெரியாத ஒருவர் அந்தப் பதிவேட்டைக் கறையானிடமிருந்து காத்திருந்தால்தான் நம் உரிமை மிஞ்சும்.

நமக்கு முன்மாதிரி யார்?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு கட்டளையிடும் வசனம் (2:282) திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். எழுத்துக்கும் சாட்சிக்கும் இஸ்லாம் தந்த மதிப்பு அது.

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதான பின், உமர் (ரலி) அவர்களின் வற்புறுத்தலால் அபூபக்ர் (ரலி) அவர்கள் குர்ஆனை ஒன்று திரட்டும் பணியை ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். திரட்டிய ஏடுகள் அபூபக்ர் (ரலி) அவர்களிடமும், பின் உமர் (ரலி) அவர்களிடமும் இருந்தன. அதன்பின் யாரிடம் இருந்தன தெரியுமா? உமர் (ரலி) அவர்களின் மகளார், அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம்! உஸ்மான் (ரலி) அவர்கள் அன்னையிடமிருந்தே அவற்றை வாங்கிப் பிரதிகள் எடுக்கச் செய்து, மூல ஏடுகளை அன்னையிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பிரதிகள் பல நாடுகளுக்கும் அனுப்பப்பட்டன.

மூலத்தைப் பத்திரமாக வை, பிரதிகளைப் பல ஊர்களில் வை, வாங்கியதைத் திருப்பிக் கொடு. சுவடிக் கலையின் அடிப்படைப் பாடங்கள் மூன்றும் இதில் அடங்கியிருக்கின்றன. அந்த அமானிதத்தைச் சுமந்தவர் ஒரு பெண். "இது பெண் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலையா?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

எங்கே போவது? என்ன படிப்பது?

இலங்கையில் இத்துறையின் தலைமையகம் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகம். ஒல்லாந்தர் காலத்து ஆவணங்கள் ஆயிரக்கணக்கான தொகுதிகளாக அங்கே இருக்கின்றன. அக்காப்பகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த கலாநிதி நதீரா ரூபசிங்க ஒரு பெண்மணி. ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகம் வரை சென்று, ஒல்லாந்தர் கால ஆவணங்களை ஆராய்ந்து பட்டம் பெற்று நாடு திரும்பியவர். இந்தியாவில் டில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தில் இதற்கென ஓராண்டு டிப்ளோமா படிப்பு உண்டு. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் கணினியில் ஏற்றி இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் முஸ்லிம் ஆவணகம் என்று தனிப் பிரிவும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை அறிந்தவர்களுக்கு, பிரதி எடுத்து வைப்பதன் அருமை புரியும்.

தமிழோடு ஆங்கிலமும் சிங்களமும் மகளுக்கு வேண்டும். இன்னொரு திறமை அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி வைத்தார்கள். அதுவே அரபுத் தமிழ். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள். மதரஸாவில் குர்ஆன் ஓதப் பழகிய தமிழ்ப் பெண்ணுக்குச் சில மாதப் பயிற்சி போதும். மற்றவர்கள் முதலிலிருந்து கற்க வேண்டியதில் பாதி அவளுக்குக் கைவசம்!

பெற்றோரின் தயக்கம்

"பெண் பிள்ளையைத் தனியே அனுப்புவதா?" என்ற கவலை நியாயமானதே. மஹ்ரமான துணையோடு போகலாம். உறவினர் இருக்கும் ஊரைத் தெரிவு செய்யலாம். நல்ல பெண்கள் விடுதியை நேரில் பார்த்து விசாரிக்கலாம். மணமான பின் கணவரோடு குடிபெயரலாம். நிக்காஹ் பேசும்போதே அவள் படிப்பையும் வேலையையும் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இத்துறையில் இடங்கள் குறைவு. பெரும் சம்பளம் கிடைக்காது. தூசு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சிரமம். நாள் முழுவதும் பேச்சின்றி ஒரே இடத்தில் இருந்து வேலை செய்ய வேண்டும். ஆகவே மகளின் விருப்பத்தை முதலில் கேளுங்கள். பொறுமையும் நேர்மையும் உள்ள பிள்ளைக்கு இது மனநிறைவான தொழில்.

இன்றே வீட்டில் தொடங்குங்கள்

போகிறவள் போகும்வரை காத்திருக்க வேண்டாம். அலுமாரியைத் திறந்து உறுதி, பிறப்புச் சான்றிதழ், நிக்காஹ் பதிவு, பழைய கடிதங்கள், படங்கள் எல்லாவற்றையும் மகளோடு சேர்ந்து எடுத்துப் பாருங்கள். துருப்பிடித்த ஊசிகளை மெதுவாக அகற்றுங்கள். கிழிந்த இடத்தில் ஒட்டு நாடா ஒட்டாதீர்கள். அதன் பசை காகிதத்தைத் தின்றுவிடும். மூலப் பத்திரத்துக்கு லாமினேட் செய்யாதீர்கள். மடிக்காமல், ஈரம் படாத இடத்தில், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். படங்களின் பின்புறம் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம் ஒரு தொகுதி கொடுத்து வையுங்கள்.

அந்த வேலையை உங்கள் மகள் ஆசையோடு செய்கிறாளா என்று கவனியுங்கள். செய்தால், அவள் ஊரை விட்டுப் போவதைத் தடுக்காதீர்கள். இன்ஷா அல்லாஹ், இன்னொரு தாயின் உறுதி ஒரு நாள் அவள் கையால் காப்பாற்றப்படும்.

நம் பிள்ளைகளை அமானிதம் காப்பவர்களாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.