பனிக்கட்டி மிதப்பது ஏன்?

உறைந்த தேங்காய் எண்ணெய்க் கட்டியை உருகிய எண்ணெயில் போட்டால் அடியில் போய்விடும். பெரும்பாலான பொருள்கள் இப்படித்தான். உறையும்போது சுருங்கி அடர்த்தி கூடும். தண்ணீர் மட்டும் ஏன் முறுக்கிக்கொண்டு நிற்கிறது?

1611-இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் இது பெரும் வாதமானது. பனிக்கட்டி என்பது குளிரால் இறுகிய நீர், அதன் தட்டையான வடிவமே அதை மிதக்க வைக்கிறது என்றனர் அரிஸ்டாட்டில் வழிவந்த அறிஞர்கள். எந்த வடிவில் இருந்தாலும் பனிக்கட்டி மிதக்கிறதே என்று மடக்கினார் கலிலியோ. உறையும்போது நீர் விரிகிறது என்பது அவர் முடிவு. மறு ஆண்டே இதை நூலாகவும் வெளியிட்டார்.

அவர் சொன்னது சரி. ஒரு லிட்டர் தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 1.09 லிட்டர் இடத்தை அடைக்கும். எடை மாறாமல் பருமன் கூடுவதால் அடர்த்தி குறைகிறது. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடை ஏறத்தாழ 1 கிராம், பனிக்கட்டிக்கோ 0.917 கிராம்தான். தண்ணீரைவிட லேசான எத்தனாலில் போட்டால் அதே பனிக்கட்டி மூழ்கிவிடும். ஆக, மிதப்பதைத் தீர்மானிப்பது அடர்த்தியே. திடமா திரவமா என்பது பொருட்டில்லை.

விரிவதற்குக் காரணம் மூலக்கூறுகளின் அடுக்கு. நீர் மூலக்கூறில் ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர்மின்னூட்டமும் ஆக்சிஜன் பக்கம் சிறிது எதிர்மின்னூட்டமும் இருக்கும். அதனால் ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனை ஈர்க்கிறது. இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு. திரவ நிலையில் இந்தப் பிணைப்புகள் கணந்தோறும் அறுந்து ஒட்டுவதால் மூலக்கூறுகள் நெருக்கியடித்துத் திரிகின்றன. உறைந்ததும் ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு அண்டை மூலக்கூறுகளோடு குறிப்பிட்ட இடைவெளியில் நிலைபெறுகிறது. அறுகோண வளையங்கள் உருவாகின்றன. நடுவே வெற்றிடம் விழுகிறது.

உறைவதற்கு முன்பே இந்த விரிவு தொடங்கிவிடும். 4 டிகிரி செல்சியஸில்தான் தண்ணீருக்கு அடர்த்தி அதிகம். அதற்கும் கீழே குளிர்ந்த நீர் லேசாகி மேலேயே தங்குவதால், ஏரி மேற்பரப்பிலிருந்து உறைகிறது. ஸ்ரீநகரின் தால் ஏரி கடுங்குளிரில் மேலே உறைந்தாலும் கீழே மீன்கள் உயிரோடிருப்பது இதனால்தான். பனிக்கட்டி மூழ்குவதாக இருந்தால் குளிர்நாட்டு ஏரிகள் அடியிலிருந்தே உறைந்து இறுகிவிடும்.

இந்த விரிவுக்கு வலிமையும் அதிகம். பாறை வெடிப்பில் புகுந்த நீர் உறைந்து பாறையையே பிளக்கும். குளிர்நாடுகளில் குடிநீர்க் குழாய்களும் வெடிக்கும். எனவே தண்ணீர் நிரம்பிய கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.