பூட்டுத் திறந்த பெட்டிகள் - 7: டிஸ்க்கின் வேலையை ஹார்ட் டிஸ்க் செய்கிறது

செல்டா விளையாட்டில் குதிரைக்கு அளவு மீறிய நீளத்தில் பெயர் வைத்து, நின்டெண்டோவின் ‘வீ’ விளையாட்டுப் பெட்டியின் பூட்டை 2008இல் உடைத்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். பூட்டு திறந்ததும் உள்ளே வந்து அமர்ந்தது ‘ஹோம்ப்ரூ சேனல்’. நின்டெண்டோவின் அனுமதிக்குக் காத்திராமல் ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள்களை எஸ்டி கார்டிலிருந்து இயக்கும் வாசல் அது. அந்த வாசல் வழியே வந்தவற்றில் நான் மிக உயர்வாக மதிப்பது ‘யூஎஸ்பி லோடர் ஜிஎக்ஸ்’. விளையாட்டுகளை ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்துவைத்து, அட்டைப்படங்களோடு திரையில் அடுக்கிக் காட்டி, தேர்ந்தெடுத்ததை ஓடவைக்கும் மென்பொருள்.

இது சோம்பேறிகளின் வசதி என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீ விற்பனைக்கு வந்தது 2006இல். இத்தனை ஆண்டு உழைத்த டிஸ்க் டிரைவில் லென்ஸ் மங்குகிறது, மோட்டார் தேய்கிறது. டிரைவ் போய்விட்டால், மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் அலமாரியிலுள்ள டிஸ்க்குகளால் பயனில்லை.

லோடர் எப்படி வேலை செய்கிறது? வீக்குள் இரண்டு செயலிகள் இருக்கின்றன. விளையாட்டு ஓடுவது ‘பிராட்வே’ என்ற முதன்மைச் செயலியில். டிஸ்க், யூஎஸ்பி, எஸ்டி கார்டு, வைஃபை ஆகியவற்றைக் கவனிப்பது ‘ஸ்டார்லெட்’ என்று ஹேக்கர்கள் அழைக்கும் சிறிய ஏஆர்எம் செயலி. அதில் ஓடும் இயங்குதளத்துக்கு ஐஓஎஸ் என்று பெயர். ஐபோனில் இருப்பது வேறு. விளையாட்டு, டிஸ்க்கை நேரடியாகத் தொடுவதே இல்லை. எந்த இடத்திலிருந்து எவ்வளவு தரவு வேண்டும் என்று ஐஓஎஸ்ஸிடம் கேட்கும், அது எடுத்துக் கொடுக்கும். ‘டி2எக்ஸ்’ என்பது ஆர்வலர்கள் திருத்தி எழுதிய ஐஓஎஸ். வழக்கமாக 249ஆம் இடத்தில் அதை நிறுவுவார்கள். டிஸ்க்குக்காக வரும் கேள்விக்கு அது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பதில் தருகிறது. கேட்ட தரவு கிடைத்துவிட்டதால் விளையாட்டு தன்பாட்டுக்கு ஓடுகிறது. ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியாகத் திருத்தவேண்டிய வேலையே இல்லாமல் போனது. இந்த எளிமை என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

அடுத்தது இடம். வீயின் ஓரடுக்கு டிஸ்க்கின் கொள்ளளவு 4.7 ஜிபி. பல விளையாட்டுகளுக்கு அதில் சிறு பகுதியே போதும். மிச்சத்தை அர்த்தமில்லாத தரவால் நிரப்பி விற்றார்கள். ஆர்வலர்கள் வகுத்த டபிள்யூபிஎஃப்எஸ் வடிவம் அந்த நிரப்பலை விட்டுவிட்டு, உண்மையான தரவை மட்டும் வைத்துக்கொள்கிறது. அதனால் சில விளையாட்டுகள் சில நூறு எம்பியில் அடங்கிவிடுகின்றன.

ஹார்ட் டிஸ்க்கை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்வதே நல்லது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் பெரிய விளையாட்டுகள் இரண்டு துண்டாகப் பிரியும். கவலை வேண்டாம், லோடர் சேர்த்துப் படித்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் பென் டிரைவை நம்பவேண்டாம். விளையாட்டுக் கோப்பின் பெயரோடு ஆறு எழுத்து அடையாளக் குறியீடு வரும். அதில் நான்காவது எழுத்து எந்தப் பகுதிக்கான பதிப்பு என்று சொல்லும்: அமெரிக்காவுக்கு இ, ஐரோப்பாவுக்கு பி, ஜப்பானுக்கு ஜே. அட்டைப்படங்களை இந்தக் குறியீட்டைக் கொண்டுதான் லோடர் இறக்கிக்கொள்கிறது.

திருட்டுப் பிரதிக்கும் இதே வழி பயன்பட்டது என்பதை மறைக்க முடியாது. பூட்டைத் திறந்த ‘டீம் ட்விஸர்ஸ்’ குழு திருட்டுப் பிரதியை வெளிப்படையாக எதிர்த்தது. அவர்களுடைய ஹோம்ப்ரூ சேனலை நிறுவும்போதே ஓர் எச்சரிக்கை வரும்: இதற்குப் பணம் கொடுத்திருந்தால் நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள் என்று. இலவசமாகக் கிடைப்பதைக் காசுக்கு விற்றவர்கள் அவ்வளவு பேர் இருந்தார்கள்.

வீயின் இணையக் கடை 2019 ஜனவரி 30 அன்று மூடப்பட்டது. இனி கையிலிருக்கும் டிஸ்க்குகள்தான் சொத்து. வீ வைத்திருக்கும் வாசகர்கள் முதலில் ‘பூட்மீ’ என்ற மென்பொருளைக் கொண்டு பெட்டியின் 512 எம்பி உள் நினைவகத்தை முழுமையாக நகலெடுத்துவிடுங்கள். ஏதாவது தவறினால் மீட்க உதவுவது அதுதான். பிறகு டிரைவ் உயிரோடு இருக்கும்போதே, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டு லோடரிலேயே நிறுவிக்கொள்ளுங்கள். டிரைவ் பழுதான பிறகு அதே பெட்டியில் இதைச் செய்ய முடியாது.