ஜன்னலுக்குப் பட்டி வைக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

'காத்து அடிச்சா போதும், ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடுது. பழைய பட்டியெல்லாம் உதிர்ந்து கொட்டுது. இந்த ஞாயித்துக்கிழமை நானே சரி பண்ணிடறேன்!' என்று கிளம்பும் குடும்பத் தலைவரா நீங்கள்? சபாஷ்! ஆனால், கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

சுரண்டும்போது உஷார்!

புதுப் பட்டி வைப்பதைவிட, பழசைச் சுரண்டுவதில்தான் ஆபத்து அதிகம். அந்தக் காலத்துப் பெயின்ட்களில் நிறத்துக்காகவும், சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயம் கலந்தார்கள். வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1-ம் தேதிதான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு பெயின்ட் அடித்த ஜன்னல் என்றால், அதில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சுரண்டிய தூள் தரையில் படியும். தவழும் குழந்தை அங்கே கையை வைக்கும், அந்தக் கை வாய்க்குப் போகும். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட அதிகமாக ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும். மூளை வளர்ச்சி, கவனம், படிப்பு எல்லாமே பாதிக்கப்படலாம். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதனால், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேலை முடியும்வரை அந்தப் பக்கம் விடாதீர்கள். தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள். தண்ணீர் தெளித்து, ஈரமாக வைத்தே சுரண்டுங்கள். முகத்துக்குத் துணி போதாது, என்-95 மாஸ்க் வேண்டும். பட்டி கல் மாதிரி இருக்கிறதே என்று நெருப்புக் காட்டவே கூடாது. ஈயப் புகை மூச்சோடு உள்ளே போய்விடும். முடிந்ததும் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். கண்ணாடியைத் தொடும்போது கனமான கையுறை அவசியம்.

வழவழப்பு வர வேண்டுமா?

இதற்கு வேண்டியது சாக் பவுடரும் ஆளி விதை எண்ணெயும் பிசைந்த பட்டி. ஆசாரிகள் சிலர் இதை 'மக்கு' என்பார்கள். சுவருக்குப் பூசும் சிமென்ட் பட்டியை இங்கே வைத்தால் இறுகிப் பெயர்ந்துவிடும்.

முதலில், கண்ணாடி உட்காரும் காடியைச் சுத்தம் செய்து, காயவிட்டு, பிரைமர் அடியுங்கள். பச்சை மரத்தில் வைத்தால் எண்ணெயை மரம் குடித்துவிடும். பட்டி வறண்டு வெடிப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பிரைமர் காய்ந்ததும், பட்டியைச் சப்பாத்தி மாவு மாதிரி கையால் நன்றாகப் பிசையுங்கள். கட்டி இருந்தால் கத்தி இழுக்கும்போது கோடு விழும். காடியில் மெல்லிசாக ஒரு வரிசை வைத்து, கண்ணாடியின் நடுவில் அழுத்தாமல் ஓரங்களை மட்டும் மெதுவாக அழுத்தி உட்கார வையுங்கள். தலையில்லாத சின்ன ஆணிகளைச் சட்டத்தில் அடியுங்கள். கண்ணாடியைத் தாங்குவது ஆணிதான், பட்டி இல்லை!

பிறகு வெளிப்பக்கம் தாராளமாகப் பட்டியை அப்பி, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரே இழுப்பாக இழுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கே ஒரு மேடு நிச்சயம். கத்தி ஒட்டினால் லேசாகத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். சரிவு வெளிப்பக்கம் இறங்கினால்தான் மழைத் தண்ணீர் தங்காமல் வழியும். கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சாக் பவுடர் தூவித் துடைத்தால் பளிச்!

பொறுத்தார் பூமி ஆள்வார்

உடனே பெயின்ட் அடித்தால் சுருங்கிப் போகும். பட்டியின் மேல் தோல் கட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். விரல் வைத்தால் பள்ளம் விழக் கூடாது, அதுதான் கணக்கு. பெயின்ட்டை ஒரு நூலிழை கண்ணாடி மேலும் ஏறும்படி அடியுங்கள். இடுக்கில் தண்ணீர் இறங்காது.

கடைசியாக ஒன்று. ஆளி விதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியவை அவை. வெளியில் விரித்துக் காயப்போட்டு, பிறகு எறியுங்கள்.

'இதெல்லாம் நமக்கு ஆகாது, ஆளைக் கூப்பிடலாம்' என்கிறீர்களா? தாராளமாக. ஆனால், அந்தப் பெயின்டரிடமும் சொல்லுங்கள்: 'அண்ணே, தண்ணி தெளிச்சுட்டுச் சுரண்டுங்க!' உங்கள் குழந்தைக்கு மட்டுமில்லை, அவர் உடம்புக்கும் நல்லது.