காற்றின் தோளில் ஒரு கார்



விருத்தாசலத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? மணிமுத்தாறு பாயும் ஊர். பழமலைநாதர் கோவிலால் பெயர் பெற்ற ஊர். சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே ரயிலில் போகிறவர்கள் இதைப் பெரிய சந்திப்பு நிலையமாக அறிவார்கள். ஆனால் இந்த ஊரின் பெயரை ஊர் ஊராகக் கொண்டு சென்றவை பீங்கான் பொருள்களே. பொம்மைகள், விளக்குகள், மின்காப்புப் பொருள்கள் என்று பலவும் இங்குள்ள சூளைகளில் வெந்து வெளிவருகின்றன.

சூளையிலிருந்து வந்த கோப்பை உடையாமல் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். வழியில் எத்தனை பள்ளம், எத்தனை வேகத்தடை! அதனால் கோப்பைகளுக்கு இடையே வைக்கோலைத் திணித்து அடுக்குகிறார்கள். வண்டி குலுங்கும்போது கோப்பை சட்டென்று நிற்பதில்லை. வைக்கோலைச் சற்று அமுக்கிக்கொண்டு மெல்ல நிற்கிறது. நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தொலைவும் நேரமும் கூடினால் தாக்கும் விசை குறைகிறது. நியூட்டனின் விதிகளைப் படித்த உங்களுக்கு இது புதிதல்ல.

வண்டிக்கும் இப்படி ஒரு வைக்கோல் தேவை. லாரியில் அந்த வேலையை எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில் செய்கிறது. பெரும்பாலான கார்களில் சுருள்வில் செய்கிறது. சில வண்டிகளிலோ எஃகுக்குப் பதில் காற்றே வில்லாகிறது. அந்தக் காற்றுவில்லைப் பற்றியும், அது முதுமை அடையும்போது வரும் நோய்களைப் பற்றியும் பார்ப்போம்.

காற்று எப்படி வில்லாகும்?

சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்துங்கள். கையை எடுத்தால் கைப்பிடி துள்ளி மேலே வருகிறது. காற்றை அடைத்தால் அது வில்லாகிவிடுகிறது! பருமன் பாதியானால் அழுத்தம் இரட்டிக்கும் என்பது 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி.

எஸ்.யு.வி. என்று சொல்லப்படும் உயரமான கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு சக்கரங்களுக்கு மேலும் நான்கு காற்றுவில்கள். ஒவ்வொன்றும் நைலான் இழைகள் பொதிந்த ரப்பர் உறை. (விபத்தின்போது விரிந்து ஆளைக் காக்கும் காற்றுப்பை வேறு, இது வேறு.) காரின் எடை 2,400 கிலோ என்றால் ஒவ்வொரு வில்லும் 600 கிலோவைத் தாங்க வேண்டும். வில்லின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ அழுத்தம் வேண்டும். இது சாதாரணக் கார் டயரில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

இப்போது சக்கரம் ஒரு மேட்டில் ஏறுகிறது. வில்லிலுள்ள காற்றின் பருமன் பாதியாகிறது என்று கொள்வோம். வளிமண்டல அழுத்தம் 1-ஐயும் சேர்த்தால் முதலில் இருந்த அழுத்தம் 7; அது 14 ஆகிறது. வெளியிலுள்ள 1-ஐக் கழித்தால் 13. ஆக, 600 கிலோவைத் தாங்கிய வில் இப்போது 1,300 கிலோ விசையுடன் எதிர்க்கிறது! மெல்ல அழுத்தினால் மென்மை, மேலும் அழுத்தினால் கடுமை. இதுவே காற்றுவில்லின் குணம்.

இன்னொரு சிறப்பும் உண்டு. காரில் ஐந்து பேர் ஏறினால் எஃகுவில் தாழ்ந்துவிடும். காற்றுவில் உள்ள காரில் உயரத்தை அளக்கும் உணர்கருவிகள் இருக்கின்றன. கார் தாழ்ந்ததும் அவை செய்தி அனுப்ப, கம்ப்ரசர் ஓடிக் காற்றை நிரப்ப, கார் பழைய உயரத்துக்கு வந்துவிடுகிறது.

இந்த ஏற்பாடு புதியதல்ல. அமெரிக்கப் பேருந்துகளில் 1950-களிலேயே காற்றுவில்கள் வந்துவிட்டன. 1964-இல் ஓடத் தொடங்கிய ஜப்பானின் ஷின்கான்சென் அதிவேக ரயிலிலும் அவை இருந்தன. ரேஞ்ச் ரோவரில் 1992-இல் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய காற்றுவில்கள் வந்தன. சென்னை பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் உருவான வந்தே பாரத் ரயிலின் பெட்டிகளும் காற்றுவில்களின் மேலேதான் அமர்ந்திருக்கின்றன. 2023 செப்டம்பரில் தொடங்கிய சென்னை – திருநெல்வேலி வந்தே பாரத் விருத்தாசலத்தைக் கடந்துதான் செல்கிறது.

ஒரு காலை நேரக் காட்சி

விருத்தாசலத்தில் ஒரு வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பழகிய எஸ்.யு.வி. ஒன்று நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரவு நேராக நின்ற கார், காலையில் பார்த்தால் முன்பக்க இடது மூலையில் சாய்ந்து கிடக்கிறது! எஞ்சினைக் கிளப்பியதும் கம்ப்ரசர் இரைகிறது. சிறிது நேரத்தில் கார் நிமிர்ந்துவிடுகிறது. “சரி, ஓடுகிறதே!” என்று விட்டுவிடுகிறார்கள். சில மாதங்கள் கழித்து ஒருநாள் கம்ப்ரசர் ஓடவே இல்லை. பெரும் பணம் கொடுத்துப் புதிய கம்ப்ரசர் போடுகிறார்கள். அதுவும் சீக்கிரமே கெட்டுப்போகிறது.

குற்றவாளி யார்? கம்ப்ரசரா? இல்லை. இறந்தவரையே கொலையாளி என்று பிடித்த கதைதான் இது!

காற்றுவில்லின் உறை, காரின் அசைவுக்கு ஏற்ப மடிந்தும் விரிந்தும் வேலை செய்கிறது. மடியும் இடத்தில் ரப்பர் ஆண்டுக்கணக்காக வளைகிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை மெல்ல இறுகச் செய்கின்றன. புழுதி மடிப்பில் புகுந்து உராய்கிறது. கடைசியில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகிறது. அதன் வழியே காற்று கசிகிறது.

கசிந்த காற்றை ஈடுசெய்யக் கம்ப்ரசர் அடிக்கடி ஓட வேண்டியிருக்கிறது. ஆனால் அது சிறிது நேரம் ஓடி, பிறகு ஓய்வெடுப்பதற்காகவே செய்யப்பட்ட இயந்திரம். காற்றை அழுத்தினால் சூடேறும். சைக்கிள் பம்ப்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்களே தொட்டு உணர்ந்திருப்பீர்கள். ஓய்வில்லாத கம்ப்ரசரின் வளையங்கள் இந்தச் சூட்டில் தேய்கின்றன. தேய்ந்த கம்ப்ரசர் அதே அழுத்தத்தை எட்ட இன்னும் அதிக நேரம் ஓடுகிறது, மேலும் சூடேறுகிறது. இது ஒரு நச்சுச் சுழல்.

சூளையில் வெந்த மணிகள்

இந்தக் கதையில் பீங்கான் தொழிலுக்கு உறவான பாத்திரம் ஒன்றும் இருக்கிறது.

காற்றில் நீராவி உண்டு. காற்றை அழுத்திக் குளிரவிட்டால் அது நீராகப் படிகிறது. நீர் வால்வுகளுக்குள் போனால் துரு பிடிக்கும், அடைப்பும் உண்டாகும். ஆகவே கம்ப்ரசரை அடுத்து ஓர் உலர்த்தி வைத்திருக்கிறார்கள். அதனுள் ஈரத்தை ஈர்க்கும் சிறு மணிகள் நிறைந்திருக்கின்றன. சிலவற்றில் அவை சியோலைட் என்ற பொருளால் ஆனவை. சியோலைட் தூளைக் களிமண்ணுடன் பிசைந்து, மணிகளாக உருட்டி, சூட்டில் வேகவைப்பது வழக்கம். மண்பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் பானைத் தண்ணீர் குளிர்கிறது அல்லவா? சியோலைட்டின் துளைகள் அவற்றைவிட மிகமிக நுண்ணியவை. ஒருவகையில் துளையின் அகலம் சுமார் 0.4 நானோமீட்டர், நீர் மூலக்கூறின் அகலமோ 0.3 நானோமீட்டருக்கும் குறைவு. உள்ளே நுழையும் நீர் மூலக்கூறு அங்கேயே ஒட்டிக்கொள்கிறது.

அப்படியானால் மணிகள் நிரம்பிவிடாவா? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். கார் தன் உயரத்தைக் குறைக்கும்போது, வில்லிலிருந்து திரும்பி வரும் உலர்ந்த காற்று இந்த மணிகளின் வழியாகவே வெளியேறுகிறது. போகிற போக்கில் ஈரத்தை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மணிகள் மீண்டும் புதிதாகின்றன.

இப்போது கசிவின் முழுக் கொடுமையும் உங்களுக்குப் புரியும். ரப்பர் வெடிப்பின் வழியே போகும் காற்று, உலர்த்தியின் வழியே திரும்புவதில்லை. ஈரக்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. மணிகளை உலர்த்தும் காற்றோ திரும்பி வரவில்லை. மணிகள் நிரம்பிவிடுகின்றன, நாளடைவில் சில உடைந்து தூளாகின்றன. நீரும் தூளும் வால்வுகளை அடைக்கின்றன. ஒரு மயிரிழை வெடிப்பு ரப்பரில் தொடங்கி, கம்ப்ரசர், உலர்த்தி, வால்வு என்று வரிசையாக எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது!

துப்பறிவது எப்படி?

பீங்கான் கோப்பையை வாங்குகிறவர் விரலால் சுண்டிப் பார்ப்பார். ‘கணீர்’ என்றால் நல்லது. ‘டப்’ என்றால் எங்கோ வெடிப்பு. கண்ணுக்குத் தெரியாததைச் சோதனையால் தெரிந்துகொள்கிறார். காருக்கும் அப்படிச் சில சோதனைகள் உண்டு.

முதலில் அறிகுறியைக் கவனிக்க வேண்டும்.

1. கம்ப்ரசர் ஓடவே இல்லையா? ஃபியூஸ், ரிலே, மின்கம்பி ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

2. ஓடியும் கார் எழவில்லையா? பெரிய கசிவு இருக்கலாம். அல்லது கம்ப்ரசரின் வளையம் தேய்ந்திருக்கலாம்.

3. எழுந்த கார் இரவில் ஒரு மூலையில் மட்டும் தாழ்கிறதா? அந்த மூலையின் வில், குழாய், வால்வு ஆகியவற்றில் ஒன்று கசிகிறது.

4. ஒரு மூலை எப்போதும் தவறான உயரத்தில் இருந்தும், மேலும் தாழவில்லையா? காற்று கசியவில்லை. உயரத்தை அளக்கும் உணர்கருவி பொய் சொல்கிறது.

கசிவு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, பஞ்சர் கடைக்காரருக்குத் தெரிந்த வித்தையே போதும்: சோப்புத் தண்ணீர். குழாய் இணைப்புகளிலும் ரப்பர் மடிப்புகளிலும் தடவினால், கசியும் இடத்தில் குமிழிகள் கிளம்பும். ஒரு நுட்பம்: மடிப்பிலுள்ள வெடிப்பு ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டுமே வாய் திறக்கலாம். எனவே காரைத் தாழ்ந்த நிலை, நடுநிலை, உயர்ந்த நிலை ஆகிய மூன்றிலும் வைத்துச் சோதிக்க வேண்டும். வெளியே எங்கும் குமிழி இல்லையென்றால், காற்றை வெளியேற்றும் குழாயின் முனையை ஒரு கோப்பை நீரில் பிடித்துப் பார்க்கலாம். அங்கே குமிழி வந்தால் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள்.

ஓர் எச்சரிக்கை: எல்லாத் தாழ்வும் கசிவு அல்ல. மாலையில் 40 டிகிரி செல்சியஸாக இருந்த வெப்பநிலை விடியற்காலையில் 25 டிகிரிக்கு இறங்கினால் என்ன ஆகும்? கெல்வின் அளவில் 313 என்பது 298 ஆகிறது. சார்லஸ் விதிப்படி காற்றின் பருமன் ஏறத்தாழ 5 சதவீதம் சுருங்கும். வில்லின் உயரம் 20 சென்டிமீட்டர் என்றால் 1 சென்டிமீட்டர் தாழும். நான்கு மூலைகளும் ஒன்றுபோல் சற்றே தாழ்ந்தால் அது இயற்கை. ஒரு மூலை மட்டும் தாழ்ந்தால் அதுதான் நோய்.

உயிர் காக்கும் விதி

இதை மட்டும் எந்நாளும் மறக்காதீர்கள். காற்றுவில்லை நம்பி ஒருபோதும் காரின் அடியில் தலையையோ கையையோ நுழைக்கக் கூடாது. ஒரு வால்வு திறந்தால் போதும். நொடிப்பொழுதில் கார் தாழ்ந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்புவதும் ஆபத்து. மெக்கானிக்குகள் உறுதியான தாங்கிகளைக் காரின் உடலுக்கு அடியில் நிறுத்தி, காற்று அமைப்பை நிறுத்திவைத்த பிறகே வேலை தொடங்க வேண்டும். அழுத்தமுள்ள குழாயைக் கழற்றுவதும் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. உங்கள் வேலை கவனிப்பதும் குறித்துக்கொள்வதும்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பழைய சைக்கிள் டியூபில் பாதியளவு காற்றடித்து, தரையில் வையுங்கள். அதன்மேல் ஒரு பலகை. பலகையின்மேல் நான்கு கனமான புத்தகங்கள். பலகையின் நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். குண்டூசியால் டியூபில் ஒரே ஒரு துளை போடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து வரைபடம் வரையுங்கள். பிறகு நண்பர் ஒருவரை அழைத்து, துளை எங்கே என்று சொல்லாமல், சோப்புத் தண்ணீரை மட்டும் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டு வாசலில் கார் சாய்ந்து நின்றால், இனி நீங்கள் அப்பாவிடம் சொல்லலாம்: “அப்பா, கம்ப்ரசர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அது கெடுவதற்குள் கசிவைக் கண்டுபிடிப்போம்!”