துளசித் தாய்க்கு ஓர் உத்தரணி நீர்

மலரின் பெயரையே தன் பெயரில் தாங்கிய பூவிருந்தவல்லியில், மாசி மிருகசீரிடத் திருநாளில் அவதரித்தவர் திருக்கச்சி நம்பிகள். இங்கே நந்தவனம் அமைத்து, மாலை தொடுத்து, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு நாள்தோறும் எடுத்துச் சென்றவர். அப்பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் பேறு பெற்றவர்.

முதலில் அவர் விசிறியுடன் திருவரங்கம் சென்றாராம். 'காவிரிக் காற்றே போதும்' என்றான் அரங்கன். திருமலைக்குச் சென்றார். 'மலைக் குளிர் போதும்' என்றான் வேங்கடவன். வேள்வித் தீயில் தோன்றியதால் வெம்மை தாங்கி நிற்கும் வரதனே அந்தச் சேவையை விரும்பி ஏற்றான் என்பர் பெரியோர். இடமும் காலமும் அறிந்து செய்வதே கைங்கரியம் என்பது இதன் உட்பொருள்.

இல்லத்துத் துளசி மாடத்துக்கும் இது பொருந்தும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுக்கிறது. துளசிக் கல்யாணம் நடைபெறும் வளர்பிறைத் துவாதசியும் இந்த மழை நாட்களிலேயே வருகிறது. பூஜை மிகும் இதே பருவத்தில்தான் பல வீடுகளில் துளசி வாடி மடிகிறது.

பக்தியால் வாடும் செடி

கோடையில் நாள்தோறும் ஒரு செம்பு நீர் துளசிக்கு அமுதம். மழைநாளில் அதே செம்பு நீர் தீங்காகிறது. மண்ணில் நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது, வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாததால், ஈர மண்ணிலும் இலைகள் துவளும். அதைத் தாகம் என்று எண்ணி மேலும் நீர் வார்ப்பவர் உண்டு.

மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, ஈரமிருந்தால் ஓர் உத்தரணி தீர்த்தம் மட்டும் சமர்ப்பித்தால் போதும். பூஜையும் நிறைவுறும், செடியும் பிழைக்கும். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் காக்க வேண்டும். பால் நிவேதனத்தை வேரில் ஊற்றாமல் கிண்ணத்தில் வைக்கலாம். கார்த்திகை அகலை இலைகளுக்குக் கீழே வைக்காமல் மாடக்குழியில் ஏற்றலாம்.

மார்கழியில் கதிரவன் தென்திசை சாய்ந்து செல்வதால், வடக்கு நோக்கிய மாடங்களில் நேர் வெயில் விழாது. தொட்டியைத் தெற்கே வெயில் படும் இடத்துக்கு மாற்றுவது நலம். மஞ்சரி எனப்படும் பூங்கதிரைக் கிள்ளிப் பெருமாளுக்குச் சாற்றினால், செடி விதை முற்றுவதில் வலுவிழக்காமல் புதுத் தளிர் விடும். துவாதசியிலும் அந்தி சாய்ந்த பின்னும் துளசி கொய்வதில்லை என்னும் மரபு, செடிக்கும் ஓய்வு தருகிறது.

பனி தேசத்துத் துளசி

கடல் கடந்து கனடாவின் டொரண்டோவில் வாழும் பிள்ளைகள் வீட்டிலும் துளசி வளர்கிறது. அங்கோ குளிரே கூற்று. வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் துளசி தளரும். உறைபனி ஓர் இரவு பட்டாலே கருகிவிடும். ஆதலால் புரட்டாசியிலேயே, இலையின் அடிப்புறத்தில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, நீரால் கழுவி, தொட்டியை வீட்டுக்குள் எழுந்தருளச் செய்ய வேண்டும். தெற்கு நோக்கிய சன்னலே அதற்கு உகந்த சன்னிதி. வெயில் போதாவிடில் செடி வளர்ப்பு விளக்கு துணை செய்யும். சூடேற்றும் கருவியின் வறண்ட காற்று நேரே படலாகாது.

அங்கும் குளிர்காலத்தில் செடியின் வளர்ச்சி குறைவதால், மிகுதியான நீரே பகையாகிறது. மேல்மண் உலர்ந்த பிறகே நீர் வார்க்க வேண்டும். மற்ற நாட்களில் அங்கும் உத்தரணியே போதும்.

இத்தனை பேணியும் துளசி உலர்ந்துபோனால், குடும்பத்துக்கு ஏதோ கேடு என்று இல்லத்தரசிகள் கலங்குகின்றனர். கலங்க வேண்டியதில்லை. பூத்து, விதைத்து, தண்டு முற்றி முதிர்வது அச்செடியின் இயல்பு. உலர்ந்த தண்டும் வீணாவதில்லை; துளசிமணி மாலையாகி அடியார் கழுத்தை அலங்கரிப்பது அதுவே. முற்றிய கதிரை உள்ளங்கையில் கசக்கினால் கடுகினும் சிறிய விதைகள் உதிரும். மழை ஓய்ந்த தை மாதத்தில் அவற்றை மண்மேல் தூவி, மெல்ல அழுத்தி, நீர் தெளித்தால் ஓரிரு வாரங்களில் முளைவிடும். மாடம் மீண்டும் பசுமை கொள்ளும்.