பயிர்க் காவலுக்குப் பழைய பட்டாளத் துப்பாக்கி

உத்திரமேரூர் வட்டாரத்தில் நிலக்கடலை காய் பிடிக்கும் பருவம் வந்துவிட்டால் குடியானவர்களுக்கு உறக்கமில்லை. பல நாள் களையெடுத்து நீர் பாய்ச்சிய நிலத்தைக் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று ஓர் இரவில் உழுது போட்டாற்போல் ஆக்கிவிட்டுப் போகிறது. பன்றி தின்பது கொஞ்சம். மூக்கால் கிளறிப் பாழாக்குவதே அதிகம். கரும்பிலும், கதிர் முற்றிய நெல்லிலும் சேதம் இவ்வாறே. பரண் கட்டித் தகரம் தட்டுகிறார்கள். பழைய சேலைகளை வேலியைச் சுற்றிலும் கட்டுகிறார்கள். சில நாட்களில் பன்றிக்கு அவை பழகிப் போகின்றன. பட்டாளமும் போலீசும் கழித்துவிட்ட பழைய ரைபிள் ஒன்று கைக்குக் கிடைத்தால் பயிரையும் காக்கலாம், ஓய்வு வேளையில் குறி பார்த்துச் சுடவும் பழகலாம் என்ற எண்ணம் இந்நிலையில் பலருக்கு எழுவது இயல்பே. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பயன்தரக்கூடியது என்பது ஆராயத்தக்கது.

இந்நாட்டில் பட்டாளத் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .303 லீ-என்பீல்டு ரைபிளையே குறிக்கும். அதன் தோட்டா 1888-ல் பிரிட்டிஷ் சேனையில் வழக்கத்துக்கு வந்தது. லீ-என்பீல்டு ரைபிள் 1895-ல் வந்தது. 1907-ல் திருத்தி அமைக்கப்பட்ட மாதிரியே இரண்டு உலக யுத்தங்களிலும் இந்தியச் சிப்பாய்களின் தோளில் இருந்தது. வங்காளத்து ஈசாப்பூர்த் தொழிற்சாலையில் அது ஏராளமாகச் செய்யப்பட்டது. பிறகு பட்டாளம் வேறு துப்பாக்கிகளுக்கு மாறியபோதிலும், பல மாகாணப் போலீசாரிடம் .303 நீண்ட காலம் நிலைத்திருந்தது. உத்தரப் பிரதேசப் போலீசார் 2020-ஆம் வருஷத்துக் குடியரசு தின அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தனர்.

அதன் கீர்த்திக்குக் காரணம் இல்லாமலில்லை. சேற்றிலும் மணலிலும் கிடந்தாலும் வேலை செய்யும். போல்ட் வழுவழுப்பாக ஓடும். பத்துத் தோட்டா கொள்ளும். 1945-க்குப் பின் அமெரிக்காவில் யுத்தத்தில் மீந்த ரைபிள்கள் தபால் மூலமாகவே சொற்ப விலைக்கு விற்கப்பட்டன. அங்குள்ள வேட்டைக்காரர்கள் அவற்றின் கட்டையைக் குறைத்து மான் வேட்டைக்கு எடுத்துச் சென்றார்கள். 1968-ல் அங்கே பிறந்த சட்டம் தபால் வியாபாரத்தை நிறுத்திற்று. அந்நாட்டு வழக்கத்தைக் கேள்வியுற்று இங்கும் அவ்வாறு வாங்கலாம் என்று எண்ணுவோர் ஏமாற்றமே அடைவார்கள்.

ஏனெனில், ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகளில் .303, 7.62 மில்லிமீட்டர் ஆகிய துளையுள்ள போல்ட் ரைபிள்களும், அவற்றின் பட்டாளத் தோட்டாவை ஏற்கக்கூடிய வேறெந்தத் துளையுள்ள ரைபிளும் தடை செய்யப்பட்ட வகையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. லீ-என்பீல்டு அமைப்பிலேயே போலீசாருக்கென்று செய்யப்பட்ட .410 மஸ்கட்டும் அவ்வாறே. மத்திய அரசின் தனி அனுமதியின்றி அவற்றை ஒருவர் வைத்திருத்தல் குற்றமாகும். கழித்த துப்பாக்கி, துருப்பிடித்த துப்பாக்கி, சுடாத துப்பாக்கி என்ற சமாதானங்கள் அங்கே செல்லா. "போலீஸ் ஏலத்தில் எடுத்தது" என்று சொல்லி யாரேனும் .303 ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால், விலை கேட்காமலே திருப்பியனுப்புவது நல்லது.

இத்தடை புதிதன்று. பட்டாளத் தோட்டா பிறர் கையில் சிக்கிவிடும் என்ற அச்சத்தால் பிரிட்டிஷ் அரசாங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே .450 துளை ரைபிள்களை இந்தியாவில் இறக்குமதி செய்வதைத் தடுத்தது. இங்கிலாந்துத் துப்பாக்கி வியாபாரிகள் .465, .470 என்று புதுத் துளைகளைக் கண்டுபிடித்தது அதன் விளைவே. .303-க்கு மாற்றாக இந்நாட்டில் பரவிய .315 ரைபிளின் வரலாறும் இத்தகையதே. தோட்டா ஆஸ்திரிய-ஹங்கேரிய சேனையின் பழைய 8 மில்லிமீட்டர்த் தோட்டா. ரைபிளின் அமைப்போ லீ-என்பீல்டு. ஈசாப்பூரில் செய்யப்படும் .315 ரைபிளே, பட்டாளத் துப்பாக்கியை விரும்பும் ஒருவர் இங்கே சட்டப்படி அடையக்கூடிய நெருங்கிய உறவு. அதற்கும் லைசென்ஸ் கொடுப்பது எளிதன்று; தக்க காரணம் உண்டென்று கலெக்டருக்குத் திருப்தி ஏற்பட வேண்டும்.

சட்டம் ஒருபுறமிருக்க, உத்திரமேரூரின் நிலத்துக்கு ரைபிள் ஏற்றதுதானா? மலைச்சரிவில் சுடுகிறவனுக்குக் குண்டைத் தாங்க மலை இருக்கிறது. இங்கேயோ ஏரியும் கழனியும் சமதளமாகப் பரந்து கிடக்கின்றன. வயிரமேக தடாகத்தின் கீழுள்ள ஆயக்கட்டில் நின்று பார்த்தால், வரப்புக்கு அப்பால் வரப்பு, அதற்கப்பால் தோப்பு, தோப்புக்குள் ஒரு சேரி அல்லது காலனி. .303 போன்ற ரைபிளின் குண்டு உயர்ந்து சென்றால் ஒன்றரை மைலுக்கு அப்பாலும் விழும். கெட்டித் தரையிலோ நீர்ப்பரப்பிலோ சாய்வாகப் பட்டால் தெறித்து வேறு திசையில் போகும். இரவில், டார்ச் வெளிச்சத்தில், ஓடும் பன்றியை நோக்கிச் சுடும்போது பின்னால் இருப்பது என்னவென்று யாருக்குத் தெரியும்? மடை திருப்பப் போனவன் ஒருவன் அங்கே குனிந்திருக்கலாம். புரியில்லாத குழலுடைய துப்பாக்கியின் நுண்ணிய ரவை 250 கஜத்தைத் தாண்டுவது அரிது. பெரிய ரவைகூட 600 கஜ அளவில் ஓய்ந்துவிடும். இந்த வித்தியாசமே ஓர் உயிராகலாம்.

பட்டாளத் துப்பாக்கியின் ஓசையை இச்சீமை முன்பே கேட்டிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட்டு விளையாடினார்கள். ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் பெற்றார்கள். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. அவர்கள் அவ்வாறு செய்தது பறவைமேல் கொண்ட பரிவால் மட்டுமன்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் கொண்டுவருவதை அனுபவத்தில் கண்டிருந்தார்கள். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2019-ஆம் வருஷத்துப் பிரிவினைக்குப் பின் செங்கற்பட்டு ஜில்லாவில் இருப்பினும், உத்திரமேரூருக்கு அண்டையிலேயே உள்ளன. சரணாலய எல்லைக்குள் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதே குற்றம் என்பதை, லைசென்ஸ் உடையவர்களும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி, துப்பாக்கி எதற்காக என்ற கேள்வி. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை என்பது இந்நாட்டில் விளையாட்டாக இல்லை. பயிருக்குச் சேதம் விளைத்த பன்றியாயினும் வனத்துறையின் எழுத்து மூலமான உத்தரவின்றிக் கொல்லலாகாது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட ஏற்பாட்டின்படி, காப்புக் காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடுதல் இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுதல். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் வனத்துறையினர் சுடுதல். ஆகவே பயிர்க்காவல் லைசென்ஸ் பெற்ற குடியானவரின் துப்பாக்கிக்கு உள்ள முதல் வேலை, ஓசை எழுப்பி விரட்டுவதேயாகும். ஓசைக்கு ரைபிள் எதற்கு?

சட்டமும் இதற்கு இசைந்தே அமைந்திருக்கிறது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்க்காவலுக்கு வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் குறிப்பிடுகிறது. அது போதாதென்று அதிகாரி கருதினால் வேறு புரியில்லாத குழலுடைய துப்பாக்கிக்கும் லைசென்ஸ் தரலாம். மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை ரவையின்றி வெறும் மருந்தோடு வெடிப்பதே விரட்டுவதற்குப் போதும். ஆனால் இரண்டொரு எச்சரிக்கைகள் உண்டு. மருந்தை அளவுகருவியால் அளந்தே போட வேண்டும். உள்ளங்கைக் கணக்கு ஆகாது. கெட்டித்த பின் கஜக்கோல் எவ்வளவு வெளியே நிற்கிறதென்று அதன்மேல் ஒரு கோடு கீறி வைத்தால், துப்பாக்கி கெட்டித்திருக்கிறதா, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை கெட்டித்துவிட்டதா என்பது இருட்டிலும் விரலுக்குத் தெரியும். தேங்காய் நாரைத் தக்கையாக வைத்துச் சுட்டால் அது கனன்றுகொண்டே போய் விழும். அறுவடைக்குப் பின் வைக்கோற்போருக்கு அருகில் அதனால் தீப்பற்றக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மருந்து ஈரம் வாங்கிப் பற்றாமல் போனால், வாயைத் தரைப்பக்கமாகத் திருப்பி ஒரு நிமிஷம் பொறுத்த பிறகே கிட்டப் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு போர் துப்பாக்கி வாங்குகிறவர்களுக்குப் பழையதே பெரும்பாலும் கிடைக்கும். ஒரு பவுண்டு ஈயத்தில் வார்த்த பன்னிரண்டு குண்டுகளில் ஒன்று குழலில் சரியாகப் பொருந்தும் என்பதே அப்பெயரின் பொருள். பழைய துப்பாக்கியை வாங்குமுன் குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே தெரியும் ஒளி வளையங்கள் வட்டமாக இருந்தால் குழல் நேர். எங்கேனும் வளையம் நெளிந்தால் அவ்விடத்தில் நசுக்கலோ புடைப்போ உண்டு. புடைத்த குழலை எவ்வளவு குறைந்த விலைக்கும் வாங்கலாகாது. இரட்டைக்குழலை அடிக்கொக்கியில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மொட்டையாகச் சத்தமிட்டால் இரு குழல்களையும் இணைக்கும் ஈயப்பற்று விட்டிருக்கிறது. முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை அசைத்தால் குழலும் உடலும் சந்திக்கும் இடத்தில் ஆட்டம் தெரியக்கூடாது. கம்பியை முறுக்கிச் செய்த பழங்காலக் குழல் பார்வைக்கு அழகாயிருக்கும். இக்காலத் தோட்டாவின் வேகத்தை அது தாங்குமென்று நம்புவது ஆபத்து. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா புகுந்துவிடும், ஆனால் சுடும்போது அழுத்தம் மிகும். குழலின் அடியில் பொறித்துள்ள அடையாளத்தைப் படிக்கத் தெரிந்த துப்பாக்கிக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்பது நன்று.

.315 ரைபிள் பாட்டன் சொத்தாக வீட்டில் உள்ளவர்கள் வேறு இரண்டைக் கவனிக்க வேண்டும். பழைய தோட்டாக்களின் கேப்பில் இருந்த உப்பு, சுட்ட பின் குழலில் படிந்து ஈரத்தை இழுக்கும். எண்ணெய் மட்டும் தடவினால் அது போகாது. கொதிநீர் ஊற்றிக் கழுவித் துடைத்து உலர்த்திய பின்பே எண்ணெய் இட வேண்டும். ஏரிப்பாசனப் பிரதேசத்தின் ஈரக்காற்றில் ஓரிரவு தாமதித்தாலும் துரு ஏறிவிடும். மற்றொன்று, போல்ட்டின் தலை தேய்ந்திருந்தால் தோட்டாவின் பித்தளை உறை நடுவில் கிழியும். சுட்ட உறையின் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தென்பட்டால், அத்துப்பாக்கியை மேலும் சுடாமல் நிறுத்திவிட வேண்டும்.

குறி பார்த்துச் சுடும் பழக்கத்தை மட்டும் விரும்புகிறவர்களுக்கு வழி வேறு. அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப்பில் அங்கத்தினராகி, .22 ரைபிளிலோ காற்றுத் துப்பாக்கியிலோ பழகுவதற்கு அதே 13-ஆம் பிரிவு இடங்கொடுக்கிறது. செலவும் குறைவு, அயலாருக்கு அச்சமுமில்லை.

லைசென்ஸ் மனுவைக் காஞ்சீபுரம் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும்; மனுதாரர் 21 வயது நிரம்பியவராயும், ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவராயும் இருத்தல் அவசியம். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் 5 வருஷங்களுக்குச் செல்லும். தேர்தல் காலத்தில் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அது கடலைப் பருவத்தில் வந்தால் காவலுக்கு வேறு ஏற்பாடு முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டியதுதான்.

தகப்பனார் காலமான பின் அவர் துப்பாக்கியைப் பரணில் செருகி வைத்துவிட்டு மறந்துபோகும் வழக்கம் கிராமங்களில் இருக்கிறது. லைசென்ஸ் இறந்தவரோடு முடிந்துவிடுகிறது; அதன் பிறகு அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். உடனே போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது பெற்று, வாரிசு தம் பெயருக்கு மனுச் செய்யலாம். லைசென்ஸ்தாரர் 70 வயதை அடைந்தாலும், துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலும், தம் ஜீவியத்திலேயே வாரிசின் பெயருக்கு மாற்ற 2016-ஆம் வருஷத்து விதிகள் இடம் தருகின்றன. வயது முதிர்ந்தவர் இருக்கும் வீடுகளில் இவ்வேலையை அடுத்த பட்டத்துக்கு விதை வாங்குமுன் முடித்துவிடுவது சௌகரியம்.