தூசு படிந்த நெஞ்சும் தொற்றுநோயும்

ஸ்கீவ, டென்மார்க்:

ஸ்கீவ நகருக்கு வடக்கே, லிம்பியோர்ட் நீர்ப்பரப்பினுள் பூர் என்னும் சிறு தீவு உண்டு. சுமார் 5 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த நுண்பாசிகளின் ஓடுகளும் களியும் கலந்த மண்ணை அங்கே தோண்டியெடுக்கின்றனர். டேனிஷ் மொழியில் இதன் பெயர் ‘மோலர்’. வெப்பந்தாங்கும் செங்கற்களும் எண்ணெய் உறிஞ்சும் துகள்களும் இதிலிருந்து ஆகின்றன. தோண்டிய நிலையில் இம்மண்ணின் சிலிக்கா பெருந்தீங்கு செய்வதன்று. கடும் வெப்பத்திற் சுடும்போதோ அதன் ஒரு பகுதி கிறிஸ்டோபலைட் என்னும் படிக வடிவம் பெறக்கூடும். அந்நுண்தூசை ஆண்டுக்கணக்கிற் சுவாசித்தவரின் நுரையீரல் தழும்பேறி இறுகும். சிலிக்கோசிஸ் என்பது இதுவே.

செங்கற்சூளையைக் கண்டிராதவர்களும் இதனைத் தமக்குரியதன்று என ஒதுக்கவியலாது. கொங்கிறீற் வெட்டுதல், வார்ப்புத் தொழிற்சாலை, மணல் வீசி உலோகம் துலக்குதல், ஊரிலே கருங்கல் உடைத்தல் யாவும் அதே தூசைத் தருவன. தொழிலை விட்டு நெடுங்காலம் சென்றபின்னும் நோய் முற்றலாம்.

தழும்பைக் கரைக்க மருந்தில்லை. ஆனால் அதன்மேல் வந்து சேரும் தொற்றைத் தடுக்கலாம், வந்தாலும் குணப்படுத்தலாம். நுரையீரலுட் புகும் கிருமியை விழுங்கி அழிக்கும் காவற்கலங்களையே சிலிக்காத் துகள் சிதைத்துவிடுகிறது. ஆகவே இந்நோயாளரைக் காசநோய் எளிதிற் பற்றுகிறது.

இதுபற்றிய முக்கிய ஆய்வொன்றில் சென்னைக்கும் பங்குண்டு. ஹொங்கொங் மார்புநோய்ச் சேவையும் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையமும் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையும் கூடி நடத்திய அவ்வாய்வு 1992இல் வெளியாயிற்று. காசநோய் வெளிப்படாத சிலிக்கோசிஸ் நோயாளருக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்தபோது, ஐந்தாண்டுகளில் நோய் கண்டோர் தொகை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. முற்றாக ஒழியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். காசநோய் ஏற்கெனவே பற்றியவரிடம் இதே நிறுவனங்கள் நடத்திய மற்றோர் ஆய்வில், ஆறு மாதச் சிகிச்சையை விட எட்டு மாதச் சிகிச்சை பெற்றவருக்கு நோய் திரும்புவது குறைவாயிருந்தது. இருமல் நின்றதும் குளிசையை நிறுத்துவோர் கவனிக்க.

சிலிக்கோசிஸ் உள்ளவரிடம் மறைந்திருக்கும் காசநோயைப் பரிசோதித்துச் சிகிச்சையளிக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது. சிறுவயதில் பீ.சீ.ஜீ. ஊசி போட்ட எம்மவரிடம் தோற்பரிசோதனை குழப்பந் தரலாம். இரத்தப் பரிசோதனையைக் கேட்பது நன்று. எக்ஸ்றே படத்தில் பழைய தழும்பு புதிய நோயை மறைத்துவிடும் என்பதால் சளிப் பரிசோதனையும் வேண்டும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு, சளியில் இரத்தம், வாரக்கணக்கில் நீளும் இருமல் ஆகியவற்றைக் குளிர் தேசத்துத் தடிமன் என்று எண்ணி வாளாவிருத்தலாகாது.

பிற தொற்றுகளும் உள. இலையுதிர்காலத்தில் நாட்பட்ட நுரையீரல் நோயாளருக்கு இங்கு இன்புளுவென்சாத் தடுப்பூசி இலவசமாகக் கிடைக்கிறது. நியூமோகொக்கஸ் தடுப்பூசி பற்றியும் குடும்ப வைத்தியரிடம் வினவலாம். புகைத்தலை விடவேண்டும். சளி நிறம் மாறினால் வீட்டில் மீந்த அன்ரிபயோற்றிக்கை விழுங்கவேண்டாம்.

வைத்தியரிடம் செல்லும்போது இன்றைய தொழிலை மட்டும் சொன்னாற் போதாது. ஊரில் செய்தது, இடைவழி நாடுகளில் செய்தது, எத்தனை ஆண்டு என்பதனைத்தையும் எழுதிக் கொண்டுபோகவேண்டும். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குவது தகாது. தந்தை இரத்தம் துப்புவதைப் பிள்ளையின் வாயாற் சொல்லவைப்பது எவ்வளவு கொடுமை! தொழிலால் வந்த நோயெனச் சந்தேகித்தால் அதனை அதிகாரிகளுக்கு அறிவிப்பது டென்மார்க்கில் வைத்தியரின் சட்டக் கடமை. நோயாளர் தாமும் அறிவிக்கலாம். தொழிலே காரணமாகலாம் என அறிந்த நாளிலிருந்து அதற்குரிய தவணை ஓராண்டு.